குதிரைக்குப் பலிக்குது... கழுதைக்கு மட்டும் ஏன் பலிக்கலை? - ஹலாரி கழுதைகளும் ஒரு சினை ஊசியும்!

‘என்னைப் பார், யோகம் வரும்’ என்ற வாசகத்தோடு ஒரு கழுதைப் படம். மளிகைக்கடை கல்லாவுக்கு மேலேயோ, சலூன் கண்ணாடிக்குப் பக்கத்திலேயோ இந்தப் படத்தைப் பார்க்காதவர்கள் நம் ஊரில் குறைவு. படம் இன்னும் பல கடைகளில் தொங்குகிறது. தெருவில்தான் கழுதையைக் காணோம்.

2012-ம் ஆண்டு கால்நடைக் கணக்கெடுப்பின்போது இந்தியா முழுக்க சுமார் 3.2 லட்சம் கழுதைகள் இருந்தன. 2019 கணக்கெடுப்பில் அது சுமார் 1.2 லட்சம். ஏழே வருடத்தில் 61 சதவிகிதம் காலி! ‘கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆனது’ என்று பேச்சுக்குச் சொல்வோம். இந்தக் கணக்கைப் பார்த்தால் அது பேச்சுக்குச் சொன்னது மாதிரி தெரியவில்லை.

காரணம் தேட ரொம்ப தூரம் போக வேண்டாம். அழுக்கு மூட்டை சுமக்க இப்போது ஆளுக்கொரு டூவீலர். செங்கல் சூளைக்கும் மணல் நடைக்கும் டிராக்டரும் லோடு ஆட்டோவும் வந்துவிட்டன. வேலை போன கழுதையை யாரும் தீனி போட்டு வைத்துக்கொள்வதில்லை. இதோடு ஆந்திராவின் சில மாவட்டங்களில் சட்டவிரோதமாக இறைச்சிக்கு வெட்டுவது, எல்லை தாண்டிக் கடத்துவது என்று வேறு சிக்கல்கள்.

சரி, குறைந்தால் பெருக்க வேண்டியதுதானே? மாட்டுக்கு ஊர் ஊராகச் சினை ஊசி போடுகிறோமே, அதே மாதிரி கழுதைக்கும் போட்டுவிட்டால் என்ன? இந்தக் கட்டுரைக்குத் தலைப்பு சொன்னபோது எங்கள் டெஸ்க்கில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஆனால் இந்தக் கேள்விக்கு விடை தேடி பிரான்ஸ், ஸ்பெயின், இத்தாலி, சீனா, நம் ஹரியானா என்று விஞ்ஞானிகள் பல வருடங்களாக மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறார்கள். முழு விடை இன்னும் கிடைத்தபாடில்லை.

மாட்டுக்கு ஒரு குச்சி... கழுதைக்கு எட்டு!

முதலில் நமக்குப் பழகிய மாட்டுக் கதை. மாடு பருவத்துக்கு வந்தால் கத்தும், கண்ணாடி மாதிரி வழும்பு ஒழுகும். உடனே கால்நடை மருந்தகத்துக்குத் தகவல் போகும். ஊட்டி, ஈச்சங்கோட்டை போன்ற இடங்களில் இருக்கும் உறைவிந்து நிலையங்களில் தயாரான விந்துக்குச்சி, திரவ நைட்ரஜன் கேனுக்குள் மைனஸ் 196 டிகிரி குளிரில் தயாராக இருக்கும். குச்சி ஒன்றில் கால் மில்லிதான். அதை வெந்நீரில் இளக்கி, கருப்பை வாயைத் தாண்டி உள்ளே செலுத்துவார் டாக்டர். ஐந்து நிமிட வேலை. இதில் சினை பிடித்துப் பிறந்த மாடுகள்தான் இன்றைக்கு நம் பால் பண்ணைகளில் பாதிக்கு மேல் நிற்கின்றன என்றாலும் ஆச்சர்யமில்லை.

கழுதையிடம் இந்த அவசரமெல்லாம் நடக்காது.

ஆண் கழுதையிலிருந்தே தொடங்குவோம். பொலிகாளையோ ஆண் குதிரையோ கொஞ்ச நேரத்தில் தயாராகிவிடும். பொலிக்கழுதை அப்படியல்ல. பெட்டையின் அருகே வரும், முகர்ந்து பார்க்கும், மேலுதட்டைச் சுருட்டி வானத்தைப் பார்க்கும், திரும்பி நடந்து தூரமாகப் போய் நின்றுகொள்ளும். மறுபடி வரும், மறுபடி போகும். கால் மணி நேரம், அரை மணி நேரம்கூட ஆகலாம். இது அதன் சுபாவம், நோய் அல்ல. தெரியாதவர்கள் ‘இது வேலைக்கு ஆகாது’ என்று கழித்துக் கட்டிவிடுவார்கள். விந்து சேகரிக்கப் போகிறவருக்கு முதலில் வேண்டியது பொறுமை. பருவத்தில் இருக்கும் ஒரு பெட்டையைப் பக்கத்தில் கட்டியிருப்பதும் அவசியம். பல கழுதைகள் பொம்மை மேல் ஏறவே ஏறாது.

சேகரிப்பது செயற்கை யோனி எனப்படும் குழாயில். வெளியே தோல் அல்லது கெட்டி ரப்பர் உறை, உள்ளே மெல்லிய ரப்பர். இரண்டுக்கும் நடுவே வெந்நீர். சூடு கொஞ்சம் குறைந்தாலும் கழுதை இறங்கிப் போய்விடும். சூடு அதிகமானால் மறுநாள் அந்தக் குழாயைப் பார்த்தாலே ஓடும். ஒரு முறைக்குச் சராசரியாக 50 மில்லி அளவுக்குக் கிடைக்கும். அதிலிருக்கும் உயிரணுக்கள் பிரமாதமானவை. எண்ணிக்கையிலும் சரி, நீந்தும் வேகத்திலும் சரி, குதிரையைவிட ஒரு படி மேல். மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் தேனீக்கூட்டைக் கலைத்துவிட்ட மாதிரி இருக்கும் என்பார்கள்.

சேகரித்ததை வடிகட்டி, கொழுப்பு நீக்கிய பாலும் குளுக்கோஸும் கலந்த கரைசலில் விட்டு நீர்க்கச் செய்கிறார்கள். அப்படியே உடனே போடலாம். 5 டிகிரிக்குக் குளிரவைத்து ஒரு நாள் வரைக்கும் வைத்திருந்தும் போடலாம். ஒரு பெட்டைக்குச் சுமார் 50 கோடி உயிரணுக்கள் தேவை என்று கணக்கு. அப்படிப் பார்த்தால், ஒரு தடவை எடுத்ததைப் பத்துப் பெட்டைகளுக்காவது பிரித்துக் கொடுக்க முடியும்.

உறையவைப்பது இதைவிடப் பெரிய வேலை. முதலில் மையவிலக்கு இயந்திரத்தில் சுழற்றி, உயிரணுக்களைச் சுற்றியிருக்கும் திரவத்தைப் பிரித்து எடுத்துவிட வேண்டும். அப்புறம் முட்டை மஞ்சள் கருவும் கிளிசராலும் சேர்த்த கரைசலில் கலந்து, அரை மில்லி குச்சிகளில் அடைத்து, மெதுவாகக் குளிரவைத்து நைட்ரஜனில் இறக்குவார்கள். உறையும்போது உயிரணுவுக்குள் பனி ஊசிகள் உண்டாகிக் கிழித்துவிடாமல் காப்பாற்றுவது கிளிசரால். மாட்டுக்கு ஒரு குச்சி போதும். கழுதைக்கு ஒரு வேளைக்கு எட்டு குச்சி வரை தேவைப்படும்.

வாயை மென்றால் பருவம்

பெட்டைக் கழுதைக்கு மாடு மாதிரி வழும்பு அடையாளமெல்லாம் பார்த்துச் சொல்ல முடியாது. ஆனால் வேறோர் அடையாளம் உண்டு. சின்னப் பிள்ளைகூடக் கண்டுபிடித்துவிடலாம். ஆண் கழுதையைக் கண்டதும் காதைப் பின்னால் சாய்த்து, கழுத்தை நீட்டி, வாயைத் திறந்து திறந்து மூடும். ஏதோ மென்று தின்பது மாதிரி ‘சப் சப்’ என்று சத்தம் கேட்கும், எச்சில் ஒழுகும். ஊரில் இதைப் பார்த்துவிட்டு ‘கழுதைக்கு வாயில் ஏதோ மாட்டிக்கிச்சு’ என்று நினைப்பவர்களும் உண்டு.

பருவச் சுழற்சி 23, 24 நாள்களுக்கு ஒரு முறை. அதில் ஆறு முதல் ஒன்பது நாள்கள் வரை பருவத்தில் நிற்கும். இவ்வளவு நீளமான பருவத்தில் முட்டை எப்போது வெளியே வரும் என்பதுதான் கேள்வி. அதற்குத்தான் ஸ்கேன். சினைப்பையில் முட்டை வளரும் நீர்க்குமிழி 35 மில்லிமீட்டர் அளவை எட்டினால், ஹார்மோன் ஊசி ஒன்று போடுவார்கள். ஏறத்தாழ ஒன்றரை நாளில் குமிழி உடைந்து முட்டை வரும். இயல்பான விந்து என்றால் கருப்பைக்குள் இரண்டு நாளாவது தாக்குப்பிடிக்கும் என்பதால், நேரம் கொஞ்சம் முன்னே பின்னே ஆனாலும் பாதகமில்லை. உறையவைத்து இளக்கியது என்றால் அரை நாளைத் தாண்டினால் சந்தேகம்தான். ஆகவே ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு ஸ்கேன், காலை எட்டு மணிக்கு ஒரு ஸ்கேன் என்று டாக்டர் கொட்டகையிலேயே பாய் விரிக்க வேண்டியிருக்கும்.

ஊசி போடும் வேலையிலும் ஒரு கஷ்டம். பெட்டைக் கழுதையின் கருப்பை வாய் குதிரையுடையதைவிட நீளம், குறுகலானது. அது உள்ளே நேராக நிற்பதும் இல்லை, சற்றுச் சாய்ந்து, மடிப்புகளோடு நீட்டிக்கொண்டிருக்கும். விரலால் வழி தடவி மெல்லிய குழாயைச் செலுத்தப் பழகிய கை வேண்டும். கழுதை பார்க்கத்தான் சாது. பின்னங்காலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

இங்கேதான் முடிச்சு

இவ்வளவும் சரியாகச் செய்தால் என்ன ஆகும்? உடனே எடுத்த விந்தோ, குளிரவைத்த விந்தோ என்றால் நல்ல பலன் கிடைக்கிறது. பாதிக்கும் மேற்பட்ட பெட்டைகள் சினை பிடிக்கின்றன. நேரடியாகச் சேர்ப்பதற்கு இது பெரிதாகக் குறைந்ததில்லை.

உறைவிந்துக்கு வந்தால்தான் வேடிக்கை. ஒரே ஆண் கழுதை, ஒரே நாளில் உறையவைத்த குச்சிகள். அதைப் பெண் குதிரைக்குப் போடுகிறார்கள். ஏறத்தாழ மூன்றில் ஒன்று சினை பிடித்து, கோவேறு கழுதை பிறக்கிறது. அதே குச்சியைப் பெட்டைக் கழுதைக்குப் போட்டால், பத்தில் ஒன்று தேறினால் பெரிய விஷயம். பல சோதனைகளில் ஒன்றுகூடத் தேறவில்லை.

யோசித்துப் பாருங்கள். வேற்றினமான குதிரையிடம் வேலை செய்கிற விந்து, சொந்த இனத்திடம் தோற்கிறது! அப்படியானால் குற்றம் விந்தில் இல்லை. பெட்டைக் கழுதையின் கருப்பையில்தான் ஏதோ நடக்கிறது.

என்ன நடக்கிறது என்பதில் இப்போது ஓரளவுக்குத் தெளிவு வந்திருக்கிறது. விந்து உள்ளே போனதும், ‘அந்நியன் வந்துட்டான்’ என்று கருப்பை வெள்ளை அணுக்களை அனுப்பும். எல்லாப் பெண் கால்நடைகளிலும் இது கொஞ்சம் நடக்கும், சில மணி நேரத்தில் அடங்கிவிடும். பெட்டைக் கழுதையிடம் உறைவிந்து போகும்போது இந்த எதிர்ப்பு ரொம்ப மூர்க்கமாக இருக்கிறது. வெள்ளை அணுக்கள் உயிரணுக்களைச் சூழ்ந்து விழுங்கிவிடுகின்றன. முட்டை இருக்கும் இடத்துக்குப் போய்ச் சேர ஆளே மிச்சமிருப்பதில்லை.

அப்படியானால், உறையவைக்கும் முன் சுழற்றிக் கொட்டினார்களே அந்தத் திரவம், அதில்தான் இந்தக் கோபத்தைத் தணிக்கும் பொருள் இருக்கிறதோ என்ற சந்தேகம் வந்தது. பார்சிலோனாவில் கட்டலான் கழுதைகளை வைத்தும், இத்தாலியில் அமியாட்டா கழுதைகளை வைத்தும் ஆய்வுகள் நடந்தன. இளக்கிய விந்தோடு அந்தத் திரவத்தைத் திரும்பச் சேர்த்துப் பார்த்தார்கள். ஆய்வுக்கூடக் கண்ணாடியில் பார்த்தால் வெள்ளை அணுக்கள் அடங்குகின்றன. பெட்டைக்குள் போட்டால் ஓர் ஆய்வில் நல்ல செய்தி, அடுத்த ஆய்வில் அதே பழைய கதை.

கிளிசரால் மேலும் சந்தேகம் விழுந்தது. கழுதைக்கு அது ஒருவிதக் கருத்தடை மருந்தாகவே வேலை செய்கிறதோ என்று, அளவைக் குறைத்தும் அதற்குப் பதில் வேறு ரசாயனங்களைப் போட்டும் பார்க்கிறார்கள். கருப்பையின் ஓரக் கிளைக்குள், முட்டைக்கு மிக அருகில் கொண்டுபோய் விடும் முறையும் நடக்கிறது. கழுதைத்தோல் பசைக்காகப் பெரிய பெரிய பண்ணைகள் நடத்தும் சீனாவின் ஷான்டோங் பகுதியில் டெசோ இனக் கழுதைகளுக்கு இந்த ஊசி அன்றாட வேலை. அங்கேயும் உறைவிந்தைவிட அன்றன்றைக்கு எடுத்துப் போடுவதுதான் நம்பிக்கையான வழி.

44 கழுதைகள் மிஞ்சிய ஊர்

இந்த ஆராய்ச்சி பிரான்ஸில் தீவிரமானதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. அங்கே மேற்குப் பகுதியில் புவாத்து என்றொரு கழுதை இனம். ஆளுயரத்துக்கு நிற்கும், உடம்பெல்லாம் சடை சடையாக முடி தொங்கும். பார்த்தால் கழுதைக்குச் சாமியார் வேஷம் போட்ட மாதிரி இருக்கும். இந்த ஆண் கழுதைகளைக் கனத்த குதிரைகளோடு சேர்த்துப் பெற்ற கோவேறு கழுதைகளுக்கு ஒரு காலத்தில் ஐரோப்பா முழுக்கக் கிராக்கி. டிராக்டர் வந்தது, கிராக்கி போனது. 1977-ல் எண்ணிப் பார்த்தபோது 44 கழுதைகள்தான் மிச்சம்.

பதறிப்போய் அரசும் வளர்ப்பவர்களும் சேர்ந்து தாம்பியேர் என்ற ஊரில் காப்புப் பண்ணை தொடங்கினார்கள். மிச்சமிருந்த ஆண் கழுதைகளின் விந்தை உறையவைத்துப் பத்திரப்படுத்தவும் முயன்றார்கள். அப்போதுதான் ‘குதிரைக்குப் பலிக்குது, கழுதைக்குப் பலிக்கலை’ என்ற விஷயம் முகத்தில் அறைந்தது. புவாத்து இனம் இன்றைக்குப் பல நூறுகளைத் தாண்டிப் பிழைத்து நிற்கிறது. அதற்கு முக்கியக் காரணம் நைட்ரஜன் கேன் இல்லை. வளர்ப்பவர்கள் விட்டுவிடாமல் உயிருள்ள பொலிக்கழுதைகளைப் பராமரித்ததும், வேறு இனப் பெட்டைகளோடு சேர்த்துத் தலைமுறை தலைமுறையாக இனத்தை மீட்டெடுத்ததும்தான்.

சௌராஷ்டிராவின் வெள்ளைக் கழுதை

அந்த 44-ஐப் படிக்கும்போது எனக்கு குஜராத் ஞாபகம்தான் வந்தது. ஜாம்நகர், தேவபூமி துவாரகா மாவட்டங்களில் ஹலாரி என்றொரு கழுதை இனம் இருக்கிறது. ஜாம்நகர் சுற்றுவட்டாரத்தின் பழைய பெயர் ஹலார். அதனால் இந்தப் பெயர். நாம் நினைக்கும் சாம்பல் நிறக் கழுதை இல்லை இது. நல்ல வெள்ளை, திடமான உடம்பு, சாதுவான குணம். தூரத்தில் வந்தால் குட்டைக் குதிரை என்றே தோன்றும்.

பர்வாட், ரபாரி சமூகத்து மேய்ப்பர்கள் ஆடுகளை ஓட்டிக்கொண்டு மாதக்கணக்கில் ஊர் ஊராகப் போகும்போது, பாத்திரம், படுக்கை, நடக்க முடியாத ஆட்டுக்குட்டி என அத்தனையும் ஹலாரியின் முதுகில்தான். நம் ஊர் கிடை போடுபவர்களின் வாழ்க்கையை நினைத்துக்கொண்டால் புரியும். மேய்ச்சல் நிலம் சுருங்கியது, பிள்ளைகள் வேறு வேலைக்குப் போனார்கள், மூட்டை சுமக்க மினி வேன் வந்தது.

புஜ் நகரத்திலிருந்து இயங்கும் சஹ்ஜீவன் என்ற தொண்டு நிறுவனத்தின் கணக்குப்படி, 2015-ல் 1,112 ஹலாரி கழுதைகள் இருந்தன. 2020-ல் 662. ஐந்தே வருடத்தில் 40 சதவிகிதம் சரிவு. இந்த 662-ல் குட்டிகளையும், கிழடு தட்டியவற்றையும் கழித்துவிட்டு, பொலிக்குத் தகுதியான ஆண் எத்தனை தேறும் என்று பாருங்கள். உறவுக்குள்ளேயே சேர்ந்து சேர்ந்து குட்டி போட்டால் இனம் பலவீனமாகும் என்பது ஆடு வளர்ப்பவர்களுக்குக்கூடத் தெரிந்த விஷயம்தான்.

ஹரியானா மாநிலம் ஹிசாரில், 1985-ல் தொடங்கிய தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையம் இருக்கிறது. ராஜஸ்தானின் பிகானேரில் அதன் கிளை. குதிரை, கழுதை விந்தை உறையவைப்பது, குதிரைகளுக்குக் கழுதை விந்தை ஊசி மூலம் போட்டுக் கோவேறு கழுதை பெறுவது என்று இவர்கள் பல வருடங்களாகச் செய்துவருகிறார்கள். மலை முகடுகளில் இருக்கும் நம் ராணுவச் சாவடிகளுக்குச் சரக்குச் சுமக்கக் கோவேறு கழுதைகள் தேவை என்பதால் அந்த வேலைக்கு மதிப்பும் உண்டு. 2023-ல் இதே பிகானேரில் கரு மாற்று முறையில் ‘ராஜ் பிரதமா’ என்ற மார்வாரிக் குதிரைக்குட்டி பிறந்து செய்தியானது. திறமைக்குப் பஞ்சமில்லை.

ஆனால், கோவேறு கழுதை எத்தனை பிறந்தாலும் கழுதை இனம் பெருகாது. கழுதைக்கு 62 குரோமோசோம், குதிரைக்கு 64. இரண்டுக்கும் பிறக்கும் கோவேறு கழுதைக்கு 63. ஒற்றைப்படையாக நிற்பதால் அதற்குக் குட்டி போடும் தகுதி இல்லை. அது ஒரு தலைமுறையோடு முடிகிற கதை. ஹலாரி பிழைக்க, ஹலாரிப் பெட்டைதான் ஹலாரிக் குட்டியைச் சுமக்க வேண்டும். உறைவிந்து காலை வாருவது சரியாக அந்த இடத்தில்தான்.

என்னைக் கேட்டால், ‘விந்து வங்கியில் சேமித்துவிட்டோம், இனி இனம் அழியாது’ என்று யாராவது சொன்னால் கழுதை விஷயத்தில் கொஞ்சம் நிதானமாகக் கேட்டுக்கொள்வேன். வங்கி வேண்டாம் என்பதில்லை. நாளைக்கு இந்த முடிச்சு அவிழ்ந்தால், இன்று சேமித்த குச்சிகள்தான் கைகொடுக்கும். ஆனால் இன்றைக்கு அந்தக் கணக்கில் போட்ட பணத்தைத் திருப்பி எடுக்க முடியாது என்பதுதான் நிலவரம்.

இன்றைக்குக் கைவசம் இருப்பது குளிரவைத்த விந்து. அதன் ஆயுள் ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள். ஐஸ் பெட்டியில் வைத்துப் பக்கத்துத் தாலுகாவுக்குக் கொண்டுபோகலாம், பக்கத்து மாநிலத்துக்கு என்றால் திணறல். அப்படியானால் பொலிக்கழுதைகள் சௌராஷ்டிராவிலேயே, மேய்ப்பர்கள் போய்வரும் தூரத்திலேயே இருக்க வேண்டும். ஒன்றிரண்டு போதாது. ஒரே ஆணின் விந்தைப் பத்துப் பத்தாகப் பிரித்து எல்லாப் பெட்டைகளுக்கும் போட்டால், அடுத்த தலைமுறை முழுக்க அண்ணன் தங்கைகளாகிவிடும். மாட்டுப் பண்ணைக்கு வரமான அந்தப் பங்கீடு, 662 உள்ள இனத்துக்கு ஆபத்து. வெவ்வேறு வம்சாவளி ஆண்கள் பல இருக்க வேண்டும், எது எதன் குட்டி என்று நோட்டுப் போட்டு எழுத வேண்டும்.

இந்த ஊசியால் இன்னொரு லாபமும் உண்டு. குதிரை, கழுதைகளைத் தாக்கும் கிளாண்டர்ஸ் என்ற தொற்றுநோய் வந்தால் அந்தப் பகுதியில் விலங்குகளை இடம் மாற்றத் தடை போட்டுவிடுவார்கள். மனிதனுக்கும் தொற்றும் நோய் அது. பொலிக்கழுதையை லாரியில் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோகாமல், பரிசோதித்த விந்தை மட்டும் அனுப்புவது அந்த மாதிரி நேரத்தில் பாதுகாப்பு.

லிட்டர் 7,000 ரூபாய் பால்!

ஹலாரி பெயர் வாட்ஸ்அப்பில் பிரபலமானது இனத்துக்காக இல்லை, பாலுக்காக. 2020-ல் ஹிசாரில் ஹலாரிகளை வைத்துக் கழுதைப்பால் பண்ணை தொடங்கப்போகிறார்கள் என்ற செய்தி வந்ததும், ‘லிட்டர் 7,000 ரூபாய்’ என்று ஃபார்வர்டுகள் பறந்தன. சோப்பு, க்ரீம் தயாரிக்க வாங்குகிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் விலையைக் கேட்டதும் கணக்குப் போட உட்காருகிறவர்கள் இரண்டு விஷயத்தை விட்டுவிடுகிறார்கள். கழுதை ஒரு நாளைக்குக் கறப்பது ஒரு லிட்டருக்கும் குறைவு, அதுவும் குட்டி குடித்தது போக. குட்டி இல்லாமல் பால் இல்லை. அந்தக் குட்டிக்குச் சுமார் 12 மாதம் சினை. குதிரைக்கு 11 மாதம்தான். ஒரு பருவம் தவறினால் பண்ணைக்காரருக்கு ஒரு வருடப் பால் போச்சு. சினை பிடிக்கவைக்கும் வித்தை தெரியாமல் கழுதைப்பால் பண்ணை என்று ஒன்று கிடையாது.

நம் ஊரில் கழுதையை ஓட்டிக்கொண்டு தெருத்தெருவாக வந்து, சங்களவு பாலுக்குக் காசு வாங்குபவர்களைப் பார்த்திருப்பீர்கள். ‘ஒரு சங்கு கொடுத்தா குழந்தைக்குச் சளி புடிக்காது, நல்லா பேச்சு வரும்’ என்பது வீட்டுப் பெரியவர்களின் நம்பிக்கை. பாட்டிகள் கோபித்துக்கொண்டாலும் சொல்லத்தான் வேண்டும். ஆறு மாதம் வரை குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டுமே என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. காய்ச்சாத கழுதைப்பால் கைக்குழந்தைக்குக் கிருமித்தொற்றைக் கொடுக்கலாம்.

தமிழ்நாட்டில் கழுதைக்கு இன்னமும் வேலை இருக்கும் இடங்கள் உண்டு. தருமபுரி மாவட்டம் பென்னாகரம் பக்கம் கோட்டூர் மலைக்குச் சாலை இல்லாததால், தேர்தல் வந்தால் வாக்குப்பதிவு இயந்திரங்கள் கழுதை மேல்தான் ஏறிப் போயிருக்கின்றன. ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை அந்தப் போட்டோ எல்லாப் பேப்பரிலும் வரும்.

உலக அளவில் பார்த்தால் நிலைமை இன்னும் கவலைக்கிடம். கழுதைத்தோலைக் காய்ச்சி எடுக்கும் ‘எஜியாவ்’ என்ற பசைக்குச் சீன மருத்துவத்தில் பெரிய சந்தை. சீனாவில் 1990-களில் ஒரு கோடிக்கு மேல் இருந்த கழுதைகள் சில பத்து லட்சங்களாகச் சுருங்கியதும், தோல் வியாபாரிகள் ஆப்பிரிக்கா பக்கம் திரும்பினார்கள். வருடத்துக்குக் குறைந்தது 59 லட்சம் கழுதைகள் தோலுக்காகக் கொல்லப்படுகின்றன என்பது பிரிட்டனின் ‘தி டாங்கி சாங்ச்சுவரி’ அமைப்பின் மதிப்பீடு. 2024 பிப்ரவரியில் ஆப்பிரிக்க ஒன்றியம், தோலுக்காகக் கழுதை வெட்டுவதற்குத் தடை விதித்தது. 12 மாதம் சுமந்து ஒரு குட்டி போடும் விலங்கு இந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க எந்த ஊசியாலும் முடியாது.

50 லட்சம் மானியம் வாங்கப் போகிறீர்களா?

2024 பிப்ரவரியில் மத்திய அமைச்சரவை, தேசியக் கால்நடை இயக்கத் திட்டத்தில் கழுதையையும் சேர்த்தது. குதிரை, கழுதை, கோவேறு கழுதை, ஒட்டகப் பண்ணை தொடங்க 50 சதவிகித மூலதன மானியம், உச்சவரம்பு 50 லட்சம் ரூபாய். குதிரை, கழுதை, ஒட்டகங்களுக்கு விந்து நிலையமும் இனப்பெருக்கப் பண்ணையும் அமைக்க 10 கோடி ரூபாய் வரை உதவி. அதிலிருந்து ‘கழுதைப் பண்ணை வைங்க, லட்சங்களை அள்ளுங்க’ என்ற வீடியோக்களும் அதிகமாகிவிட்டன.

ஆசை இருந்தால், கழுதை விற்பவரிடம் பால் விலையைப் பற்றிக் கேட்பதற்கு முன் வேறு சில கேள்விகளைக் கேளுங்கள். கூடவே பொலிக்கழுதை தருவாரா? பெட்டைகளுக்கும் அதற்கும் ரத்த உறவு உண்டா? உங்கள் பகுதியில் கழுதைக்கு ஸ்கேன் பார்க்கப் பழகிய கால்நடை மருத்துவர் இருக்கிறாரா? ‘உறைவிந்து குச்சி அனுப்புறோம், நீங்களே போட்டுக்கலாம்’ என்று யாராவது சொன்னால் மேலே படித்ததை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

‘சினைக் கழுதை’ என்று கூடுதல் விலை சொன்னால், பணம் கொடுப்பதற்கு முன் ஸ்கேன் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். சேர்த்து 14 முதல் 16 நாள்களிலேயே கரு தெரிந்துவிடும். ஒன்றா, இரண்டா என்பதையும் அப்போதே பார்த்துவிட வேண்டும். கழுதைக்கு இரட்டைக் கரு உண்டாவது சகஜம், இரண்டையும் முழுதாகச் சுமப்பது அபூர்வம். ஒரு மாதம் கழித்து இதயத்துடிப்புக்கு இன்னொரு ஸ்கேன். அதிலும் சரியாக இருந்தால், குட்டி தரையில் விழ இன்னும் 11 மாதம் காத்திருக்க வேண்டும். அந்தக் குட்டி வளர்ந்து தானே ஒரு குட்டி போட மேலும் நான்கு வருடமாவது ஆகும்.